கீரைக்குப் பாய்ச்சும் தண்ணீரைச் சோதிக்க ஒரு பாட்டில் கிட்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுவது

ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே பத்து பாட்டில். ஒவ்வொன்றும் என் நடுவிரல் உயரம். அடியில் மடித்து வைத்த ஒரு காகிதப் பட்டை, தேநீர்க் கறை படிந்தது போல வெளிறிய பழுப்பு நிறத்தில். பாட்டிலின் மேல் 20 மி.லி. என்று ஒரு கோடு. அந்தக் கோடு வரை தண்ணீரை நிரப்பி, மூடி இறுக்கி, கதகதப்பான இடத்தில் ஒரு நாள் வைக்க வேண்டும். தண்ணீர் கறுத்துப்போனால் அதில் மலக்கிருமி கலந்திருக்கிறது. நிறம் மாறாமல் இருந்தால் கலக்கவில்லை. பெட்டியின் மேல் எழுதியிருப்பது இவ்வளவுதான்.

குடிதண்ணீருக்காகத்தான் பெரும்பாலும் இதை வாங்குகிறார்கள். நான் வாங்கியது என் கீரைப் பாத்திக்காக. கீரைக்கு இது எவ்வளவு தூரம் உதவும், எங்கே கைவிட்டுவிடும் என்று யாராவது முன்பே எழுதியிருந்தால் எனக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு பாத்திகள் வைத்திருக்கிறேன். கீரை, முள்ளங்கி, வெள்ளரி, தக்காளி. பக்கத்தில் ஓடும் வாய்க்காலில் மோட்டார் போட்டு ஆறு வருடமாகப் பாய்ச்சிவந்தேன். எங்களுக்குப் போக மிச்சத்தை நாலு வீட்டுக்குக் கொடுப்பேன். மருந்து அடிக்காத காய், கண் முன்னால் வளர்ந்த காய் என்று சொல்லிச் சொல்லித்தான் கொடுப்பேன். போன வருடம் என் ஏழு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. மலப் பரிசோதனையில் உருண்டைப் புழுவின் முட்டைகள் தெரிந்தன. டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே கேட்டார்: “பச்சையா என்னென்ன காய் சாப்பிடுவான்?” சொன்னேன். “அதுக்கு எந்தத் தண்ணி பாய்ச்சுறீங்க?”

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. புழு என் பாத்தியிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்று சாயங்காலம் வாய்க்கால் ஓரமாக மேல்பக்கம் நடந்துபோனேன். இருநூறு முந்நூறு அடி தாண்டியதும் புதருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குழாய், என் முழங்கை அகலத்துக்கு, வாய்க்காலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தண்ணீரில் இறங்கி, பத்தடிக்குள் கரைந்து காணாமல் போனது. அந்தப் பத்தடிக்குக் கீழே தண்ணீர் தெளிவாகவே இருந்தது. என் மோட்டார் இருக்கும் இடத்தில் அடிமணல் தெரியும். ஆறு வருடமாக அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறேன்.

அடுத்த வாரம் கிட் வாங்கினேன்.

முதல் பாட்டிலை இரவு எட்டு மணிக்கு நிரப்பினேன். காகிதப் பட்டை நனைந்ததும் தண்ணீர் லேசான மஞ்சளாகியது. ஃப்ரிட்ஜின் மேல், பின்பக்கம் வெதுவெதுப்பாக இருக்குமே, அங்கே வைத்தேன். காலை ஆறு மணிக்குப் பட்டையின் ஓரம் மட்டும் பென்சிலால் கிறுக்கியது போலச் சாம்பல். பத்து மணிக்கு அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு. மதியம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை, மை கரைத்தது போல. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், கூடையில் பறித்து வைத்திருந்த கீரையை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் போட்டுவிட்டு வந்தார்.

கறுப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால்தான் இந்தப் பொருளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது புரியும். குடலில் வாழும் சில வகை பாக்டீரியாக்கள் கந்தகம் கலந்த சத்தைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடும். பட்டையில் அவற்றுக்கான தீனியும் இரும்பு உப்பும் காய்ந்து இருக்கின்றன. வாயு இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிற இரும்பு சல்ஃபைடு உண்டாகிறது. இந்த முறையை 1982-ல் மஞ்சா என்ற இந்திய ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடம் பக்கத்தில் இல்லாத இடங்களில் குடிதண்ணீரைச் சோதிக்க ஒரு எளிய வழி வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அந்த வேலையை இது நன்றாகவே செய்கிறது. குடிக்கிற தண்ணீரில் மலக்கிருமி இருக்கவே கூடாது, ஆகவே ‘உண்டு, இல்லை’ என்ற பதில் அங்கே போதும்.

பாத்திக்குப் பாய்ச்சும் தண்ணீருக்கு அந்தப் பதில் போதாது. திறந்த வெளியில் ஓடும் எந்த வாய்க்கால் தண்ணீரை ஊற்றினாலும் இந்தப் பாட்டில் கறுக்கத்தான் செய்யும். பறவை, ஆடு, மாடு, மழையில் அடித்துவரும் மண் எல்லாம் சேர்ந்ததுதானே வாய்க்கால். கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு?’ என்பது. பச்சையாகச் சாப்பிடும் காய்களுக்குப் பாய்ச்சும் கழிவுநீரில் 100 மி.லி.க்கு 1000 மலக் கோலிஃபார்முக்கு (மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் குடல் பாக்டீரியா) மேல் இருக்கக் கூடாது, ஒரு லிட்டருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-ல் அளவு வைத்தது. பிற்பாடு 2006-ல் வந்த வழிகாட்டுதல் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், வயலிலிருந்து தட்டு வரை ஒவ்வொரு படியிலும் கிருமியைக் குறைத்துக்கொண்டே வருவது என்று மாறியது. ஆனாலும் என் போல வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்களுக்கு அந்த 1000 என்ற எண் நல்ல அடையாளக்கல்.

கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘விவசாயத் தண்ணீருக்கும் ஏற்றது’ என்று பெட்டியில் மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இதுதான் இந்தப் பொருள் மேல் எனக்குள்ள முதல் வருத்தம். என்னைப் போல ஒருவர் பாட்டில் கறுத்ததைப் பார்த்துப் பயந்து தோட்டத்தையே மூடிவிடலாம். இன்னொருவர் ‘எந்தத் தண்ணிதான் கறுக்காது’ என்று சொல்லி அப்படியே பாய்ச்சிக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் அந்தப் பெட்டி இடம் கொடுக்கிறது.

சரி, இதே பாட்டிலை வைத்து ‘எவ்வளவு’ என்பதைத் தோராயமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நுண்ணுயிரியல் படித்த ஒரு உறவுக்காரப் பெண் போனில் சொல்லிக்கொடுத்தாள். வாய்க்கால் தண்ணீரைச் சுத்தமான தண்ணீரில் கலந்து நீர்க்கவைத்துப் பார்ப்பது. எனக்கு இந்தக் கிட்டால் கிடைத்த உண்மையான பயன் இங்கேதான் தொடங்கியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊசி மாட்டாத 1 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நூறு கோடு போட்டது. பத்தாவது கோடு வரை உறிஞ்சினால் 0.1 மி.லி. முதலில் நல்ல தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடியே ஆறவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது கிருமியைக் கொன்று பாட்டிலை ஏமாற்றிவிடும். கொதிக்கவைப்பதால் அந்தத் தொல்லையும் போகும். ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் கோடு வரை ஊற்றி, அதில் வாய்க்கால் தண்ணீர் 0.1 மி.லி. மட்டும் விடுங்கள். இரண்டு மூன்று சொட்டுதான் வரும். இதுபோல மூன்று பாட்டில். நாலாவது பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். இந்த நாலாவது கறுத்தால் உங்கள் கையோ பாத்திரமோ சுத்தமாக இல்லை என்று அர்த்தம், எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது, ஆறவைத்த பாத்திரத்தில் கரண்டியை விட்டுவிட்டேன்.

கணக்கு எளிது. 0.1 மி.லி. போட்ட பாட்டில் கறுத்தால் அந்த இரண்டு மூன்று சொட்டுக்குள்ளேயே ஒரு கிருமியாவது இருந்திருக்கிறது. அப்படியானால் 100 மி.லி.யில் ஆயிரம் அளவுக்கு இருக்கும். மூன்று பாட்டிலும் கறுத்தால் ஆயிரத்தை நன்றாகத் தாண்டிவிட்டது. மூன்றும் மஞ்சளாகவே நின்றால் அதற்குக் கீழே. இந்தப் பாட்டில் பார்க்கும் கிருமியும் ஆய்வுக்கூடம் எண்ணும் கோலிஃபார்மும் அச்சு அசல் ஒன்றில்லை, அதனால் இது தோராயம்தான். ஆனால் ‘உண்டு, இல்லை’ என்பதைவிடப் பல மடங்கு பயனுள்ள தோராயம்.

என் வாய்க்கால் தண்ணீர் மூன்று பாட்டிலையும் கறுக்கவைத்தது. ஒரே ஒரு தடவை ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பிப் பார்த்தேன். கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேயும் எண் ஆயிரத்தைத் தாண்டியே வந்தது. பாட்டிலும் ஆய்வுக்கூடமும் ஒரே பதிலைச் சொன்னதில் கிட் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன இரண்டு விஷயங்களை இங்கேயும் சொல்கிறேன். சிலி நாட்டின் சான்டியாகோ நகரத்தில் வருடா வருடம் டைஃபாய்டு வாட்டியது. குழாய்த் தண்ணீர் நன்றாக இருந்தும் நோய் குறையவில்லை. நகரத்தின் சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணீரில் விளைந்த காய்களைப் பச்சையாகச் சாப்பிட்டதுதான் முக்கியமான வழியாக இருந்தது. 1991-ல் காலரா வந்தபோது அந்தத் தண்ணீரில் அப்படிப்பட்ட காய்களை விளைவிக்கத் தடை போட்டார்கள். அதற்குப் பிறகு டைஃபாய்டும் சரசரவென்று இறங்கியது. குழாயில் வந்த தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் கண்டுபிடித்தே இருக்க முடியாது.

இரண்டாவது, 2018-ல் அமெரிக்காவில் நடந்தது. அரிசோனா மாநிலத்தின் யூமா பகுதியில் விளைந்த ரோமெய்ன் லெட்யூஸ் கீரையால் ஈ.கோலை ஓ157 என்ற ஆபத்தான குடல் பாக்டீரியா பரவி, 36 மாநிலங்களில் 210 பேர் நோயாளி ஆனார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். தேடிப் போனபோது அதே கிருமி அந்தப் பகுதியின் பாசனக் கால்வாய்த் தண்ணீரில் அகப்பட்டது. பெரிய பண்ணைகள், குளிரூட்டிய வண்டி, கழுவிப் பையில் அடைத்த கீரை. அவ்வளவு ஏற்பாட்டையும் தாண்டி ஒரு கால்வாய் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது. நான் பூவாளியில் மொண்டு இலை மேல் ஊற்றுகிறேன். என்னிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

கணவர் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இனி இந்தக் கிட் எங்கே கைவிடும் என்பது. நான் இதை வாங்கக் காரணமே புழு. ஆனால் புழு முட்டையை இந்தப் பாட்டிலால் பார்க்கவே முடியாது! அது பாக்டீரியா இல்லை, பட்டையில் உள்ள தீனியைத் தின்று வாயு விடாது. பாட்டில் மஞ்சளாகவே இருந்தாலும் அந்தத் தண்ணீரில் முட்டைகள் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகளுக்கு மேலே ஒட்டும் தன்மையுள்ள கெட்டியான ஓடு இருக்கிறது. இலையில் பிடித்துக்கொள்ளும். குளோரினுக்கு அசராது. மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். இதைப் பெட்டியில் எங்கேயுமே எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து, அதே உறவுக்காரப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மூன்று மாதமும், கிணற்றுத் தண்ணீர் கலந்து பாய்ச்சிய இரண்டு பாத்தியில் பாட்டில் கறுக்கவில்லை என்று நிம்மதியாக மகனுக்குப் பிஞ்சு முள்ளங்கி பிடுங்கிக் கொடுத்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் மனசு கலங்குகிறது.

மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸ் போன்றவற்றையும் இது காட்டாது. ஈயம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம் எதையும் காட்டாது. கிருமியாவது அடுப்பில் செத்துப்போகும். உலோகம் எந்தக் கொதியிலும் போகாது. காட்மியத்தை இலைக் காய்கள் வேர் வழியாகவே உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. ஜப்பானில் ஜின்சூ ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்து, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. ‘வலிக்குது வலிக்குது’ என்று நோயாளிகள் அலறியதே அந்த நோய்க்குப் பெயரானது, இதாய்-இதாய். 1968-ல்தான் அரசாங்கம் அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறை, பேட்டரி உடைக்கும் இடம் எதுவாவது மேல்பக்கம் இருந்தால் இந்தப் பாட்டிலைத் தொடவே வேண்டாம். நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், தண்ணீரோடு மண்ணையும் கொடுத்து உலோகம் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வாய்க்காலில் நான் நடந்து பார்த்த வரைக்கும் வீட்டுக் கழிவு மட்டும்தான். ஆனாலும் ஒரு முறை மண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

பொய்யாகக் கறுப்பதும் உண்டு. எதிர் வீட்டு அக்கா தன் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார். ஊற்றி மூடி திருகுவதற்குள் கறுக்க ஆரம்பித்துவிட்டது. “என்னடி, நம்ம தண்ணி வாய்க்காலைவிட மோசமா?” என்று அவர் முகம் வாடிவிட்டது. அந்தத் தண்ணீரைத் திறந்து மோந்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும். பூமிக்கடியிலேயே சல்ஃபைடு கரைந்து வரும் தண்ணீர் அது. இரும்போடு அது நேரே சேர்ந்து கறுக்கிறது, கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாக்டீரியாவுக்குப் பெருக நேரம் வேண்டும், பல மணி நேரம் போகாமல் கறுக்காது. ஊற்றின சில நிமிடத்தில் கறுத்தால் அது வேறு கதை. இந்த ஒரு வரியைத் தாளில் போட்டிருந்தால் அக்கா அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மற்றக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தில் இரண்டு பாட்டிலுக்கு மூடி சரியாக உட்காரவில்லை, சாய்த்தால் கசிந்தது. தேதி முத்திரை பாட்டிலில் இல்லை, பெட்டியில் மட்டும், அதுவும் கிழிக்கிற இடத்தில். 30 முதல் 37 டிகிரி வெப்பம் வேண்டும் என்கிறார்கள். குளிர் நாட்களில் என் சமையலறை அதற்குக் கீழே போய்விடுகிறது. அப்போது துணியில் சுற்றி, வெந்நீர் பாட்டில் பக்கத்தில் வைத்து, 48 மணி நேரம் வரை காத்திருக்கிறேன். 24 மணி நேரத்தில் கறுக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இதைக் குறை என்று சொல்வதைவிட ஆபத்து என்றே சொல்வேன். கறுத்த பாட்டிலுக்குள் கிருமி கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது. அதைத் திறந்து சிங்க்கில் கொட்டக் கூடாது. கையுறை போட்டு, மூடியைத் திறந்து, பிளீச்சிங் திரவத்தை ஊற்றி, அரை மணி நேரத்துக்கு மேல் விட்டு, கழிப்பறையில் கொட்ட வேண்டும். கிட்டில் இது மிகச் சின்ன எழுத்தில், கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். பார்க்க மருந்து பாட்டில் போலவே இருக்கிறது.

இத்தனை குறை சொல்கிறாயே, பின்னே எட்டு மாதமாக ஏன் வாங்குகிறாய் என்று கேட்கலாம். இந்தப் பாட்டில்கள் என் தோட்டத்தையே மாற்றிவிட்டன என்பதால்தான்.

முதலில் பூவாளியை நிறுத்தினேன். இலை மேல் தண்ணீர் ஊற்றுவது கிருமியை நேரே தட்டில் வைப்பதற்குச் சமம். தக்காளிக்கும் வெள்ளரிக்கும் சொட்டு நீர்க் குழாய் போட்டு, கொடியைக் கம்பில் ஏற்றிவிட்டேன். தரையைத் தொடாமல் உயரத்தில் காய்க்கிற செடிக்குச் சொட்டு நீர் விட்டால் காயில் சேரும் கிருமி பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தரையோடு கிடக்கும் கீரைக்கு அந்தப் பலன் நூறில் ஒன்று என்ற அளவுக்குத்தான். மண் தெறிக்குமே.

அப்புறம் தொட்டி. மூன்று தொட்டி வைத்தேன். ஒன்றில் தண்ணீர் நிரம்பும், ஒன்று அசையாமல் நிற்கும், ஒன்றிலிருந்து பாய்ச்சுவேன். புழு முட்டை தண்ணீரைவிடக் கனம், அசையாத தண்ணீரில் அடியில் போய்ப் படிந்துவிடும். தண்ணீரை எடுக்கும்போது அடியைக் கலக்கக் கூடாது, அதுதான் முக்கியம். பூவாளியை முக்கி மொள்ளுகிற பழக்கம் கையை விட்டுப் போக எனக்கு இரண்டு வாரம் ஆனது. இப்போது அடியிலிருந்து ஒரு முழம் மேலே குழாய் வைத்துவிட்டேன். அடியில் சேரும் சேற்றைக் கையுறை போட்டு எடுத்து, காய்ப் பாத்திப் பக்கமே போகாமல் மூலையில் குழி வெட்டிப் புதைக்கிறேன். புழு விஷயத்தில் பாட்டில் உதவாது என்பதால், இந்தத் தொட்டியைத்தான் நம்பியிருக்கிறேன்.

பாக்டீரியா விஷயத்தில் தொட்டி என்ன செய்கிறது என்பதைப் பாட்டில் அழகாகக் காட்டியது. வாய்க்காலிலிருந்து நேரே எடுத்த தண்ணீருக்கு மூன்று பாட்டிலும் கறுப்பு. இரண்டு நாள் நின்ற தொட்டித் தண்ணீருக்கு மூன்றில் ஒன்று மட்டும், அதுவும் இரண்டாவது நாள்தான் கறுத்தது. மழைக்குப் பிறகு எடுத்தால் மறுபடி மூன்றும். ஆகவே மழை பெய்து மூன்று நாள் வரை வாய்க்கால் மோட்டாரை நான் போடுவதே இல்லை. இதையெல்லாம் எந்தப் பெட்டியும் எனக்குச் சொல்லியிருக்காது. பாட்டிலை வரிசையாக வைத்து, மேலே தேதி எழுதி ஒட்டிப் பார்த்ததில் தெரிந்தது.

பறிப்பதற்கு மூன்று நாள் முன்பே கீரைக்குத் தண்ணீரை நிறுத்திவிடுகிறேன். வெயிலும் காற்றும் இலை மேல் உள்ள கிருமியைத் தினமும் குறைக்கும். நல்ல வெயில் நாளில் நூறில் ஒன்றாகக்கூட ஆகும். கடும் கோடையில் மூன்று நாள் கீரை தாங்காது, துவண்டுவிடும். அந்தச் சமயத்தில் வேருக்கு மட்டும், கொதித்து ஆறிய தண்ணீராகக் கொஞ்சம் விடுகிறேன். பெரிய தோட்டத்துக்கு இது கட்டுப்படியாகாது, எனக்குத் தெரியும். புழு முட்டைக்கு இந்த மூன்று நாள் ஒரு பொருட்டே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவினால் கிருமி பத்தில் ஒன்றாகும், கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் நூறில் ஒன்றாகும். பலர் நினைப்பது போல அது எல்லாவற்றையும் போக்கிவிடாது. வாய்க்கால் தண்ணீரிலேயே கழுவிக் கட்டுக் கட்டினால் உள்ளதும் கெட்டுப்போகும். நானே ஆறு வருடம் அதைத்தான் செய்தேன், மண் போகட்டும், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று. சமைப்பதுதான் கிருமிக்கும் புழுவுக்கும் முழுத் தீர்வு. ஆகவே எங்கள் வீட்டில் இப்போது தரையோடு விளைகிற எதுவும் பச்சையாகத் தட்டுக்கு வருவதில்லை. முள்ளங்கிகூட வேகவைத்துத்தான். மகனுக்கு அது பிடிக்கவில்லை. உயரத்தில் காய்த்த வெள்ளரியை மட்டும் தோல் சீவிக் கொடுக்கிறேன்.

என் கால்களையும் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு பாத்தியில் இறங்குவதுதான் என் வழக்கம். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்துக்கொண்டே உடம்புக்குள் போய்விடும், வாய்க்குள் எதுவும் போக வேண்டியதில்லை. கெட்ட தண்ணீரால் முதலில் பாதிக்கப்படுவது காயை வாங்குகிறவர் இல்லை, தண்ணீர் பாய்ச்சுகிறவர். ரப்பர் பூட்ஸ் வாங்கிவிட்டேன். அம்மா போட மறுக்கிறார், சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

யார் இதை வாங்கலாம்? வாய்க்கால், குளம், திறந்த கிணறு ஆகியவற்றிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறவர்கள், ஒரு சிரிஞ்சும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், தாராளமாக வாங்கலாம். ஒரே தண்ணீரை வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் பிடித்து ஒப்பிட இதைவிட எளிய வழி என் கைக்கு எட்டவில்லை. ஒரு தடவை சோதித்துவிட்டுச் ‘சுத்தம்’ என்று சொல்லிக் காய் விற்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். அவர்கள் போக வேண்டிய இடம் ஆய்வுக்கூடம். பட்டறைக் கழிவு பயம் உள்ளவர்களும் அப்படியே. நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்தில் மூன்று கொடுப்பேன். அந்த மூன்றும் பாட்டிலுக்கு. பெட்டியோடு வரும் தாளைத் திருத்தி எழுதினால் நாலாக்கிவிடுவேன்.

நாலு வீட்டுக்கும் போய், இத்தனை நாள் எந்தத் தண்ணீரில் விளைந்ததைக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. மற்ற மூன்று வீட்டுக்கும் கீரைக் கட்டோடு ஒரு சீட்டு வைத்து அனுப்புகிறேன்: கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய தேதி, பறித்த தேதி, ‘வேகவைத்துச் சாப்பிடவும்’. வாய்க்கால் குழாய் பற்றி மனு கொடுத்திருக்கிறோம், அக்காவும் நானும் கையெழுத்துப் போட்டு. கறுத்த பாட்டிலின் போட்டோவையும் அதோடு இணைத்தோம். குழாய் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இந்த மாதப் பாட்டில்கள் நேற்று ராத்திரி ஃப்ரிட்ஜ் மேல் ஏறியிருக்கின்றன, காலையில் பார்த்தபோது இரண்டு மஞ்சள், ஒன்றின் ஓரத்தில் லேசாகச் சாம்பல்.